வெள்ளை வீதிகளில் நாகேஸ்வரி

நாகேஸ்வரி பரிஸின் லா சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, றோல்ஸ் சுற்றி, பின்னேரம் பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பதோடு அவருடைய நாள் முடியும். வீடு நகருக்கு வெளியே, பொபினியில். கணவர் அரியரத்தினம் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். ஒரே மகள் கலியாணம் கட்டி லியோனில் இருக்கிறாள்.

2019 டிசம்பரில் மெட்ரோக்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐந்தாம் இலக்க மெட்ரோ நாட்கணக்காக ஓடவில்லை. "ஒன்பது மணிக்கு வர ஏலாத ஆக்கள் வரவே வேண்டாம்" என்று முதலாளி மகாலிங்கம் சொல்லிவிட்டார். நாகேஸ்வரி பழைய சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு சைக்கிள் வாங்கினார். பச்சை நிறம், கனமான இரும்பு, பின்னால் கரியர். ஊர்க் என்ற கால்வாயின் கரையோடு லா விலெத் வரை வந்து, அங்கிருந்து லா சப்பலுக்கு ஏறினார். முதல் கிழமையே பஞ்சாபி உடுப்பின் கால் சங்கிலிக்குள் சிக்கி விழுந்தார். அடுத்த நாள் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

வேலைநிறுத்தம் முடிந்தது. மெட்ரோ ஓடத் தொடங்கியது. நாகேஸ்வரி சைக்கிளை விடவில்லை.

திங்கட்கிழமைகளில் உணவகம் பூட்டு. ஒரு திங்கட்கிழமை கால்வாய்க்கு வந்தவர், பரிஸ் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பினார். செவ்ரான் காடு தாண்டி, கிளே-சுய்யி தாண்டி, ஒரு பாலத்தடியில் கால்வாயை விட்டு மேட்டில் ஏறினால், முன்னால் ஒரு சின்னத் தார் வீதி. இரண்டு பக்கமும் கோதுமை. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு கார் இல்லை. அரை மணித்தியாலம் ஓடினார். எதிரே வந்தது ஒரு உழவு இயந்திரம் மட்டும். ஓட்டியவர் கையைத் தூக்கிக் காட்டினார். இந்த நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டாகியும், தெரியாத ஒருவர் தனக்குக் கை காட்டியது அதுதான் முதல் தரம் என்று பிறகு நாகேஸ்வரி சொன்னார்.

அதற்குப் பிறகு வரைபடம் வாங்கினார். பெரிய வீதிகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், ஊருக்கு ஊர் போகும் ஒடுங்கிய வீதிகள் வெள்ளை. சிவப்பையும் மஞ்சளையும் தவிர்த்து, வெள்ளையை மட்டும் தொட்டுத் தொட்டு மோ நகர் வரைக்கும் எப்படிப் போகலாம் என்று பென்சிலால் கோடு போட்டார். கோதுமை, கிழங்கு, மஞ்சளாய்ப் பூத்த கடுகு, இடையில் இருபது வீடுள்ள ஊர்கள். கடை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் சுடலைக்குள் இருக்கும் குழாயடிக்குப் போகவேண்டும். பிரெஞ்சுச் சைக்கிள்காரர் அங்கேதான் போத்தல் நிரப்புகிறார்கள். முதல் முறை குழாயடியில் நின்று யோசித்தார். இரண்டாம் முறை தாகம் கூட, யோசிக்கவில்லை.

2023 கோடையில் யாரோ அவரைக் கால்வாய்க் கரையில் ஒரு பாலத்தடியில் வைத்து வீடியோ எடுத்து, ஊர்ச் சங்கத்து வைபர் குழுமத்தில் போட்டுவிட்டார்கள். தலையில் கவசம், முழங்கால் வரை காற்சட்டை, வியர்த்த முகம். அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்காரர் ஒருவரின் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் ஆண்கள் சிரித்தார்கள்.

"அரியரத்தினம் அண்ணை, மனிசியைப் போட்டிக்கு அனுப்பப் போறியளோ?"

அரியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். பக்கத்து மேசையிலிருந்த நாகேஸ்வரி எழும்பினார்.

"ஓம், அது நான்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்க. "திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதே பாலத்தடியாலை போவன். வடிவா எடுக்கிறதெண்டா வெய்யில் உங்கடை முதுகிலை பட நிண்டு எடுங்கோ. போன முறை முகம் இருட்டாப் போச்சு."

அவர் இருந்து பாயாசத்தைக் குடித்து முடித்தார்.

வீட்டில்தான் பேச்சு வந்தது.

"உமக்கென்ன விசரே? ஊர் முழுக்கச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிக்கிற ஆக்களிலை ஒருத்தர் மோ வரைக்கும் ஓடிக் காட்டட்டும் பாப்பம்."

"யாழ்ப்பாணத்திலை ஓடினது காணாதே?"

"அங்கை ஓடினது தேவைக்கு. இஞ்சை ஓடுறது எனக்கு."

ஞாயிறு பின்னேரம் அவர் நிலவறைக்குப் போனபோது, சைக்கிள் வைத்திருந்த அறைக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. திறப்பைக் கேட்டார். அரியரத்தினம் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாகேஸ்வரி பக்கத்து வீட்டு டேமியனிடம் இரும்பு அறுக்கும் வாள் இரவல் வாங்கினார். "நான் அறுத்துத் தரட்டுமா?" என்று டேமியன் கேட்டான். வேண்டாம் என்றார். அரை மணித்தியாலம் அறுத்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பிறகு கடைக்குப் போய் வேறு பூட்டு வாங்கி மாட்டி, அதன் இரண்டு திறப்பில் ஒன்றைக் கணவருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"இது உங்களுக்கு. நான் ஒண்டையும் ஒளிச்சுச் செய்யேல்லை."

அடுத்த நாள், திங்கட்கிழமை, அவர் மோவுக்குப் போய்வந்தார். பாலத்தடியில் ஒருவரும் இல்லை.

அடுத்த வருடம் மே மாதம், மோவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சைக்கிள் கழகம் இருநூறு கிலோமீற்றர் ஓட்டமொன்று வைத்தது. போட்டி அல்ல. கிராமத்து வீதிகளால் சுற்றி, சொன்ன இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் திரும்பவேண்டும். நாகேஸ்வரி பெயர் கொடுத்தார். காலை ஏழு மணிக்குப் புறப்படும் இடத்தில் கழகச் செயலாளர் அலெக்சாந்த்ர் அவரையும் பார்த்தார், பச்சைச் சைக்கிளையும் பார்த்தார்.

"மதாம், நூறு கிலோமீற்றர் பாதையும் இருக்கிறது. அது அழகான பாதை."

"அதை நான் ஏற்கெனவே ஓடிவிட்டேன், முசியே."

எல்லோரும் அவரைக் கடந்து போனார்கள். பத்து மணிக்குப் பிறகு அவர் தனியே. அது அவருக்குப் பழக்கம். மதியம் ஒரு தேவாலய மதிலில் குந்தியிருந்து, சம்பல் வைத்துச் சுருட்டிய ரொட்டி இரண்டு சாப்பிட்டார். நூற்றி நாற்பதாவது கிலோமீற்றரில் பின் சில்லு காற்றுப் போனது. ஒட்டினார். பத்து நிமிடத்தில் மறுபடி போனது. டயருக்குள் சிக்கிக் கிடந்த கண்ணாடித் துண்டை அப்போதுதான் கண்டுபிடித்தார். எல்லாமாக ஐம்பது நிமிடம் போய்விட்டது. வெட்டவெளியில் எதிர்க்காற்று. கழகத்துக் கார் ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாக ஓடியது.

"ஏறுங்கள் மதாம். இனி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது."

"தெரியும்" என்றார். "நீங்கள் போங்கள்."

கார் போன பிறகு ஒரு மேட்டில் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்தார். அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்து, உச்சியில் ஏறி, மறுபடி மிதித்தார்.

கழக மண்டபத்துக்கு வந்தபோது எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். வெளியே இன்னும் வெளிச்சம். உள்ளே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் பிந்தியிருந்தார்.

அலெக்சாந்த்ர் அட்டையை வாங்கிப் பார்த்தார். எல்லா முத்திரையும் இருந்தது. "மன்னிக்கவேண்டும், மதாம். இதை ஏற்க முடியாது."

"ஏற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வந்த நேரத்தை எழுதுங்கள்."

"பிந்தி வந்தவர்களுக்கு நாங்கள் எழுதுவதில்லை."

"நான் வந்திருக்கிறேன். இங்கே நிற்கிறேன். எழுதுங்கள்."

கதிரை அடுக்கியவர்கள் நின்று பார்த்தார்கள். அலெக்சாந்த்ர் பேனாவை எடுத்து 20.52 என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தார். பிறகு ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை அவரால் படியிறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியாகக் கம்பியைப் பிடித்து இறங்கியதை அரியரத்தினம் பார்த்தார்.

"கேட்டீரோ நான் சொன்னதை?"

"கேட்டனான். வாற வருசம் வேறை டயர் போட்டு ஓடுவன்."

ஓடினார். 2025 மே மாதம் பதின்மூன்று மணித்தியாலம் நான்கு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். அரியரத்தினம் இன்றைக்கும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சங்கத்துக் கூட்டங்களில் யாராவது சைக்கிளைப் பற்றிக் கேட்டால், "அதை அவவிட்டையே கேளுங்கோ" என்று எழும்பிப் போய்விடுகிறார். கேட்டவர்களில் இரண்டு பெண்கள் உண்மையாகவே போய்க் கேட்டார்கள். ஒருவருக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. திங்கட்கிழமைகளில் பன்தான் பக்கம் ஆளில்லாத ஒரு கார் நிறுத்துமிடத்தில், நாகேஸ்வரி அவருடைய சைக்கிள் இருக்கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்.

"விட்டிடாதேங்கோ அக்கா" என்று அந்தப் பெண் கத்துகிறார்.

"எப்பவோ விட்டிட்டன். மிதியும்" என்கிறார் நாகேஸ்வரி.