நாரந்தனைக் கோயிலில் பாதிச் செபம்

வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் போகவே போகாதீர்கள் என்று இதே பயணப் பக்கத்தில் எழுதியவன் நான்தான். இந்த வைகாசியில் நானே போனேன். காரணம் என் மனைவி றீற்றா. மூன்று வருடத்துக்கு முன் மார்பில் வந்த புற்றுநோய் போய்விட்டது என்று கேக் வெட்டிக் கொண்டாடினோம். சித்திரை முடிவில், அது ஈரலுக்கு வந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அடுத்த கிழமை மறுபடி மருந்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் எங்கே போக ஆசை என்று கேட்டேன். நுவரெலியா என்பாள் என்று நினைத்தேன்.

"நாரந்தனையிலை எனக்கு ஞானஸ்நானம் தந்த கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். சண்டைக் காலத்தில் ஆறு வயதுப் பிள்ளையாக அங்கிருந்து ஓடி வந்தவள். பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கடவுளுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. செபமாலை சொல்லும் வீடுகளில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்த, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் முன்பாதி, நான் பின்பாதி. டொக்டர் அதைச் சொன்ன இரவிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் இரண்டு பாதியையும் தனியே சொன்னாள். "உங்கடை பங்கையும் சேத்துச் சொல்லி எனக்குக் களைக்குது. ஒரு நாளைக்கெண்டாலும் சொல்லுங்கோவன்," என்று கேட்டாள். எனக்கு ஏலாது என்றேன்.

அவளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். வருத்தம் வந்தவள் நோயாளி மாதிரி இருக்க வேண்டாமா? மருந்து ஏற்றும் வார்டில், முதல் தடவை வருபவர்களின் பக்கத்தில் போய்க் குந்திவிடுவாள். கையைப் பிடித்துக்கொண்டு, தலைமயிர் கொட்டினால் ஷாம்பு செலவு மிச்சம் என்று பகிடி விடுவாள். அதற்கென்றே நேர்சுமார் அவளுக்கு ஒரு கதிரை ஒதுக்கியிருந்தார்கள். "கடவுள் எனக்குத் தந்த வேலை இது," என்பாள். நல்ல வேலைதான், நல்ல சம்பளம்தான் என்று நான் மனதுக்குள் திட்டுவேன்.

வவுனியாவில் இருந்து காலை ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, அறை எடுத்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்தோம். போக, வர, காத்து நிற்க எல்லாமாக 5,500 ரூபாய். பஸ்ஸில் போனால் இருநூறுக்குள் முடியும். ஆனால் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும், றீற்றாவுக்கு அது சரிவராது. சாரதியின் பெயர் யோகன். நாங்கள் படகு ஏறி நயினாதீவுக்குத்தான் போகிறோம் என்று அவர் தானாகவே முடிவெடுத்துவிட்டார்.

"கடைசி லோஞ்சைப் பிடிக்கலாம், யோசிக்காதேங்கோ அண்ணை."

"நாரந்தனைக்குத்தான் போறம். அங்கை ஒரு பழைய மாதா கோயில்."

கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதை குறைந்துவிட்டது.

பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம். தெற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துப் புரட்ட வேண்டிய மாதம் இது. அன்று ஒரு பொட்டுக் காற்று இல்லை. இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. வலைக் கம்புகளில் இருந்த நீர்க்காகங்கள்கூடச் சிறகு அடிக்கவில்லை.

நாரந்தனையில் ஆட்கள் இருக்கிறார்கள், தோட்டம் செய்கிறார்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆனால் கோயில் இருக்கும் அந்தச் சின்ன ஒழுங்கை அப்படியில்லை. வீட்டுக்கு வீடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மரம் நிற்கிறது. ஒரு குசினிச் சுவரில் உறி தொங்கிய கொளுக்கி இன்னும் இருந்தது. றீற்றா ஒவ்வொரு வீட்டையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆளில்லாத வீடுகளுக்கு அவள் சிரித்த முகத்தோடு பெயர் சொல்ல, நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

யோகன் ஒழுங்கை முடிவுக்கு வரவில்லை, நடுவிலேயே எங்களை இறக்கிவிட்டார். "நான் றோட்டடியிலை நிக்கிறன் அண்ணை. அங்கை முந்தி ஒரு கிழவி தனிய இருந்து செபம் சொல்லுறவ. செத்து ஒரு வருசம் ஆகேல்லை. இந்த நேரத்துக்கு உந்தப் பக்கம் ஒருத்தரும் போறேல்லை."

நேரம் நாலரை.

கோயிலில் பாதிக் கூரை இல்லை. கதவு கம்பியால் கட்டியிருந்தது, அவிழ்த்தேன். வௌவால் எச்சமும் சருகுமாக இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால், நிலம் துப்புரவாகக் கூட்டியிருந்தது. பீடத்துக்கு நேரே ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரை. கையால் தடவிப் பார்த்தேன். தூசியே இல்லை.

"இருமன்," என்றேன் றீற்றாவிடம்.

"வேண்டாம். அது ஆரோ ஒராளின்ரை இடம்," என்று சொல்லிப் பீடத்துப் படியில் இருந்தாள். செபமாலையை எடுத்தாள், பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. சந்தோஷ தேவ இரகசியம் என்று தொடங்கினாள்.

"இண்டைக்கு வெள்ளி. துக்க இரகசியமெல்லோ சொல்ல வேணும்?" என்றேன்.

"துக்கம் எங்களுக்குப் பாடம்தானே. இண்டைக்குச் சந்தோஷம் சொல்லுவம்."

அருள் நிறைந்த மரியேயின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். நான் கூரையைப் பார்த்தேன். வழக்கம்போல மிச்சத்தையும் அவளே சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தது கோயிலுக்கு மட்டுமில்லை, எனக்காகவும்தான் என்று அப்போது விளங்கியது. விளங்கியும் வாய் திறக்கவில்லை.

அப்போது இடது பக்கச் சுவருக்கு அப்பால் இருந்து ஒரு ஆண் குரல் பின்பாதியைச் சொன்னது.

தடித்த குரல். நடுங்கியது. இப்போது யாரும் சொல்லாத பழைய பாடம். றீற்றா என் கையைப் பிடித்தாள். ஆனாலும் இரண்டாவது மணியைத் தொடங்கினாள். குரல் மறுமொழி சொன்னது. மூன்றாவது, நாலாவது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். பற்றைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது மணி முடிந்ததும் அந்தக் குரல் மெல்லக் கேட்டது:

"மாக்கிறேற் அக்கா... நீங்களோ?"

றீற்றாதான் சொன்னாள், "இல்லை ஐயா. நான் றீற்றா. வவுனியாவிலை இருந்து வந்தனான்."

வெளியே யாரோ தொப்பென்று நிலத்தில் குந்திய சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். நெற்றியில் திருநீறு, கையில் மாட்டுக் கயிறு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரில் சாய்ந்து வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பெயர் தம்பிராசா. பக்கத்தில் புகையிலைத் தோட்டம். நான் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை ஒரே மிடறில் முடித்துவிட்டுத்தான் கதைத்தார்.

"நான் சைவக்காரன் தம்பி. சண்டை முடிஞ்சு மாக்கிறேற் அக்கா மட்டும்தான் திரும்பி வந்தவ. பிள்ளையள் எல்லாரையும் சண்டைக்குப் பறிகுடுத்திட்டு வந்த மனிசி. செபத்துக்கு மறுமொழி சொல்ல ஆளில்லை எண்டு, மாடு கொண்டு போன என்னை மறிச்சு, வெளியிலை நிண்டு சொல்லடா எண்டு பழக்கினவ. செபம் முடியச் சிரிச்சுக்கொண்டு போவா. அந்தச் சிரிப்புக்காகவே நான் ஒரு நாளும் தவறவிடேல்லை. இப்பவும் கோயிலைக் கூட்டி, அவவின்ரை கதிரையைத் துடைச்சு விடுறனான்."

"அவ செத்திட்டா எண்டு தெரியும்தானே. குரல் கேட்டவுடனை ஓடியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கால் ரெண்டும் ஓடத்தான் பாத்துது. ஆனால் அவ பாதியிலை நிப்பாட்டிப்போட்டுக் காத்துக்கொண்டெல்லோ இருக்கிறா? பேயெண்டாலும் மறுமொழி சொல்லாமல் விடலாமே தம்பி?"

றீற்றா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். அந்த மனிதரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் மாடு கட்டவேணும். மிச்சம் நாலு பத்தையும் தம்பி சொல்லுவர்தானே?" என்று எழும்பினார். "ஓம், சொல்லுவர்," என்றாள் றீற்றா. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

உள்ளே வந்தோம். இரண்டாம் பத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். என் விசுவாசம் அந்த நிமிடத்தில் திரும்பி வந்தது என்று எழுதினால் அது பொய். ஒன்றும் வரவில்லை. இவள் போய்விடுவாளோ என்ற பயம் மட்டும் இருந்தது. ஆனால் அவள் காத்திருந்தாள். சொன்னேன். குரல் பிசகியது, நடுவில் சொல் மறந்தது, மூக்குச் சளியை லேஞ்சியில் துடைத்துக்கொண்டு சொன்னேன். "மெல்ல, மெல்ல. ஒரு அவசரமும் இல்லை," என்றாள்.

நாலாம் பத்தில் எங்கள் குரல்களுக்குப் பின்னால் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. பெண் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிக் கூரையின் எதிரொலி என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கலாம். முடிந்து எழும்பும்போது றீற்றா அந்தக் கதிரைக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னாள். அவளுக்கும் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். ஆட்டோவுக்கு வாடகையை முதலே பேசுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், அந்த ஒழுங்கையில் கடை இல்லை. பாழ் வீடுகளுக்குள் இறங்க வேண்டாம், கிணறுகளைப் பற்றை மூடியிருக்கிறது. கோயிலுக்குள் கம்பியை அவிழ்த்துப் போனால் திரும்பக் கட்டிவிடுங்கள். நாலரைக்குப் போனால் சத்தமாகத் தொடங்குங்கள், உங்களுக்கு எந்தச் செபம் தெரியுமோ அது. பாதியில் நிறுத்திக் கொஞ்சம் பொறுங்கள். பயமாகத்தான் இருக்கும்.

இதை ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இன்று மூன்றாவது மருந்து. றீற்றாவால் எழும்ப முடியவில்லை. அதனால் புதிதாக வந்த பிள்ளையின் கட்டிலை அவளுடைய கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை பயந்து அழுகிறது. றீற்றா செபத்தைத் தொடங்கிவிட்டாள், குரல் இங்கே மட்டுமட்டாகத்தான் கேட்கிறது. பாதியில் நிறுத்திவிட்டாள். நான் உள்ளே போகிறேன்.