மார்புப் பைகளும் நான் நடத்திய தையல் கடையும்

ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று சொல்லி வைக்கப்படும் ஒரு சாமானுக்காக, ஆயுள் முழுக்கக் கவலைப்படுவதுதான் என் தொழில்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் தாதி. மாதத்தில் இரண்டு தடவை கொழும்பிலிருந்து ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் வருவார். மார்பைப் பெரிதாக்க வருகிற பெண்களுக்குச் சிலிக்கன் பை வைப்பார். அவருக்கு அது இரண்டு மணித்தியால வேலை. மிச்சக் காலமெல்லாம் என் தலையில். காயம் பார்ப்பது, எந்த உள்ளாடை போடலாம் என்று சொல்லிக் கொடுப்பது, பாரம் தூக்காதே என்று கெஞ்சுவது, வருடங்கள் கழித்துப் பை உள்ளே கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்குக் கூப்பிடுவது. வர விருப்பமில்லாதவர்களைப் போன் எடுத்து வரச்சொல்லும் உத்தியோகம் பார்ப்பவர்கள் எங்கே இருந்தாலும் இதை வாசியுங்கள். உங்களுக்குத்தான் இது விளங்கும்.

அட்டை

சத்திர சிகிச்சை முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு சின்ன அட்டை கொடுப்போம். பையின் வகை, அளவு, இலக்கம், வைத்த திகதி எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு வேறு வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். பத்திரம், பத்திரம் என்று மூன்று தடவை சொல்லித்தான் கையில் கொடுப்பேன்.

கல்லடியிலிருந்து வந்த ஒரு ரீச்சர் அடுத்த மாதமே வெறுங்கையோடு வந்து நின்றார். வீட்டில் மச்சாள் அலுமாரி கிண்டுகிற ஆளாம். அதனால் அட்டையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இலக்கம் தெரியாவிட்டால் பிறகு என்ன செய்வது என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நம்பர் எழுதி வைக்க இதென்ன மோட்டார் சைக்கிளா மிஸ்? ஆரு களவெடுக்கப் போறான்?"

கடை திறந்த கதை

தையல் கடை யோசனை என்னுடையதல்ல. நாவற்குடாப் பெண் ஒருத்திக்கு நான் போன் எடுத்தேன். மறுமுனையில் கதைத்தது அவளுடைய அண்ணன். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டேன். என்ன வருத்தம், எந்த டொக்டர், எத்தனை நாளாக என்று அன்று முழுவதும் வீட்டில் விசாரணையாம். அடுத்த நாள் வந்து என் முன்னால் இருந்து அழுதாள். "இனி எடுத்தா தையல் கடை எண்டு சொல்லுங்க மிஸ். சட்டை தைச்சு முடிஞ்சுது எண்டா நான் வந்திருவன்."

நல்ல யோசனையாகப் பட்டது. மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். 'சட்டை தைத்து முடிந்தது' என்றால் ஸ்கேனுக்கு நேரம் வந்துவிட்டது. 'அளவு சரியில்லை' என்றால் டொக்டர் உடனே பார்க்க வேண்டும். இதற்கென்று ஒரு கொப்பி போட்டு, போன் எடுத்த திகதியெல்லாம் குறித்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் காத்தான்குடி ரிஸானா மட்டும் அடிக்கடி சீண்டுவாள்: "அக்கா, நம்மட கடைக்கு ஒரு மெசினும் வாங்கிப் போடுவமா?"

ஆறு கிழமை

வெல்லாவெளியிலிருந்து சுகந்தி வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷன் கட்டாரில். பை வைக்கும் யோசனை அவனுடையது. போனில் படம் படமாக அனுப்பி, இதைப் போல வேண்டும் என்றிருக்கிறான். அவள் மாமியாரோடு இருந்தாள். மாமிக்கு எதுவும் தெரியாது. கொழும்பில் ஏதோ பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்து எங்கள் வார்டில் படுத்திருந்தாள்.

ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, பாரம் தூக்கக் கூடாது என்றேன். சிரித்தாள். வீட்டுக்குப் போன மறுநாள் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டு, நெல் மூட்டை வந்து இறங்கும், மாமி கூப்பிட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். உள்ளே கிழிந்தால் தனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டாள். பெரும்பாலும் தெரியாது, அதற்குத்தான் ஸ்கேன் என்றேன். முகம் வெளிறிவிட்டது. அவளுக்குத் தைரியம் கொடுக்க வேண்டும் என்று நினைத்து ஒரு வாக்கும் கொடுத்தேன்: நேரம் வந்தால் தையல் கடையிலிருந்து நானே போன் எடுப்பேன், நான் எடுக்கும்வரை நீ ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. அந்த நேரம் கட்டாரிலிருந்து புருஷன் போன் எடுத்தான். வலி எப்படி என்று கேட்கப் போகிறான் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். "மிஸ், நான் லீவில வாறதுக்குள்ள தழும்பு மறைஞ்சிருமா?"

துணியை விற்றுவிடுங்கள்

ஐந்தாம் வருடம் சுகந்தியின் ஸ்கேனுக்கு நேரம் வந்தது. அவளுடைய நம்பர் வேலை செய்யவில்லை. கொப்பியில் மிச்சம் இருந்தது மாமியின் நம்பர்தான். தையல் கடையிலிருந்து கதைக்கிறேன், சுகந்தியின் சட்டை தைத்து முடிந்தது, வந்து எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மாமி யோசிக்கவே இல்லை. "புருசன் வெயிலுக்குள்ள கிடந்து காயிறான், இவவுக்கு ஆருக்குக் காட்டப் புதுச்சட்டை? வேணாம் கா. துணிய வேற ஆருக்கும் வித்திருங்க."

ரிஸானாவிடம் சொல்லி இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். கொப்பியில் 'தகவல் சொல்லப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த வருடமும் எடுத்தேன். இந்தத் தடவை மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னும் அந்தத் துணிய வச்சிக்கிட்டா இருக்கீங்க?" அதையும் கொப்பியில் அதே மாதிரித்தான் எழுதினேன். ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இரகசியம் காக்கிறேனாம்.

வந்த நாள்

எட்டாம் வருடம் சுகந்தி தானாகவே வந்தாள். இடப் பக்க மார்பு மேலே இழுபட்டு, தொட்டால் பலகையாக இருந்தது. கை இடுக்கில், கமுக்கட்டுக்குள் கட்டி. ஸ்கேன் பார்த்த டொக்டர் எழுதிக்கொண்டே போனார். பை எப்போதோ கிழிந்து, உள்ளே இருந்தது கசிந்து கமுக்கட்டு வரைக்கும் போயிருந்தது. எப்போது கிழிந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நேரத்துக்கு வந்திருந்தால் பையை மட்டும் எடுத்திருக்கலாம். இப்போது சுற்றி உள்ள சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், கட்டியையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

என் பயத்தை மறைக்க அவள்மீதே பாய்ந்தேன். இரண்டு வருடமாக நோகிறது என்கிறாய், ஏன் வரவில்லை, உனக்கு அறிவில்லையா என்று கேட்டேன். கட்டிலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை. "சட்டை முடிஞ்சுது எண்டு நீங்க எடுக்கல்லயே மிஸ். அப்ப ஒண்டும் இரிக்காது எண்டுதான் நினைச்சன்."

மாமி

சத்திர சிகிச்சைக்குக் கூட நிற்க ஆள் வேண்டும். கட்டாருக்குப் போன் எடுத்தாள். பையை எடுக்காமல் சமாளிக்க ஏலாதா என்று கேட்டானாம். வேறு வழியில்லாமல் மாமிக்குச் சொன்னாள். வெல்லாவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் மாமி வந்து இறங்கினார். ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், மற்றக் கையில் சோற்றுப் பார்சல். நான் கற்பனை பண்ணி வைத்திருந்த ராட்சசி இல்லை. டொக்டர் இரண்டு பையையும் எடுத்து, சோதனையில் கட்டிக்குள் சிலிக்கன் மட்டும்தான் என்று முடிவு வரும்வரை மாமி கட்டிலடியை விட்டு அசையவில்லை. மருமகளுக்குத் தலை வாரிவிட்டார். மகனைத் தூஷணத்தால் திட்டினார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள் சுகந்தி பழைய சீலைச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். தொளதொள என்று கிடந்தது. ஊசி குத்திப் பிடித்துவிட்டேன். "மிஸ், இப்ப உண்மையாவே ஒரு சட்டை தைக்கணும்," என்றாள். இருவரும் சிரித்தோம். சிரிக்கக் கூடாத சிரிப்பு அது. அந்த நேரம் மாமி என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். துணியை விற்கச் சொன்ன கதையை அவரே எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்க விடவில்லை. மருமகளின் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "ஆஸ்பத்திரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே கையப் புடிச்சுக் கூட்டி வந்திருப்பனே கா."

தையல் கடை நடத்திய காலத்தில் எல்லாரும் என்னோடு அன்பாகக் கதைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரி என்றே சொல்கிறேன், பாதிப் பேர் திட்டிவிட்டுப் போனை வைக்கிறார்கள், திட்டியவர்கள்தான் அடுத்த கிழமை ஸ்கேனுக்கு வந்து நிற்கிறார்கள்.