சிவப்பு மையில் சுழித்த பெயர்

பனிமூட்டத்தில் எல்லை தெரியாமல் தாண்டிப் பிடிபட்ட மீனவர்களை நாமும் அண்டை நாடும் நடுக்கடலில் கைமாற்றிக்கொள்வோம். இரு நாட்டுக் கப்பல்களும் எல்லையருகே வந்து நிற்கும். பட்டியல்படி ஆட்கள் மாறுவார்கள். இரு நாட்டுப் பட்டியல்களையும் ஒத்துப்பார்ப்பது கொல்கத்தாவில் என் வேலை. இரண்டிலும் ஒத்துவராத பெயரைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். சுழித்தால் அந்த ஆளுக்கு இந்த முறை கப்பல் கிடையாது. என் கண்ணில் எதுவும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த மாதம் டிவியில் இரு நாட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மின்னஞ்சல்களிலோ நலம் விசாரிப்புக்குக் குறைவில்லை. அந்த நாட்டில் என்னைப்போல் பட்டியலோடு உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று அடிக்கடி யோசிப்பேன்.

கப்பல் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது சுந்தரவனப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் சுழித்திருந்த நம் மீனவர் ஒருவரின் மனைவி.

"படகுல போன எல்லாரும் வர்றாங்களாம், இவர் மட்டும் இல்லையாம். உயிரோட இருக்காரா அண்ணா? அதையாவது சொல்லுங்க" என்று வங்க மொழியில் கேட்டாள்.

இரண்டு பட்டியல்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அந்தப் படகின் தலைக்கணக்கு சரியாக இருந்தது. நம்மிடம் இல்லாத வேறொரு பெயர் அங்கே இருந்தது.

அப்போதுதான் லேக் கார்டன்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். ஆறு வருடப் பழக்கம். ஒருநாள் கூரியர்காரன் ஒரு பெயரைக் கேட்க, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதுதான் அவருடைய காகிதப் பெயராம். வங்காளிகளுக்கு வீட்டில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர்.

"வீட்டுல அவரை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். குட்டிப் பையன் என்று அர்த்தம். ஆளுக்கு வயது நாற்பத்தைந்து. அவர்கள் பட்டியலில் அதே பெயர். கூடவே இருந்த தகப்பனார் பெயரைப் படித்துக் காட்டினேன்; அதுவும் வீட்டுப் பெயர்தான் என்றாள்.

அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றதும் மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "குட்டிப் பையன்னு வெளிநாட்டுக்கு லெட்டர் போடுவீங்களா? சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும் சார்."

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. அந்தப் பக்கமும் வங்காளிகள்தானே! யாரும் சிரிக்கவில்லை. அவரும் கப்பலில் வருவார் என்றிருந்தது. அவளிடம் சொன்னேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் பதிலில் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நம் சிறையிலிருக்கும் அவர்கள் நாட்டு மீனவர்கள் இருவரின் பெயரை, முந்தின வாரம் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோமாம். அவர்களுடைய காகிதப் பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும் எழுதி, மறுபடி பார்க்கும்படி கேட்டிருந்தார்கள்.

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெயரையும் சுற்றி என் சிவப்பு மை. அவர்களுக்காக என் மேஜை முன்னால் வந்து நிற்க இந்த ஊரில் யாருமில்லை.