அம்மனுக்குப் பேன் பிடித்த வருஷம்

என் நாத்தனாருக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு வருஷம் செடிப்பேன்களின் கையில் இருந்தது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாங்கள் மலாயாவில் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, மூன்றே பேர். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார் என்று கேள்வி. அவர் எங்களுக்குச் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: “பொண்ணு பாக்கத் தனியா வரல. மாரியாயி திருவிழாவுக்குப் பாரி எடுப்பீங்கல்ல, அன்னைக்கே வாரோம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். முளைப்பாரி என்பது சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாமல் வீட்டு மூலையில் வளர்ப்பது. வெயில் படாததால் பயிர் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று ஏறும். திருவிழாவன்று அதைத் தலையில் சுமந்துபோய் ஆற்றில் விடவேண்டும். எவள் பாரி உயர்ந்து நிற்கிறதோ அவள் கைராசிக்காரி. எவள் பாரி சூம்பிப்போகிறதோ, அவளைப் பற்றிக் குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

என் நாத்தனார் அந்தப் பையனைப் போன வருஷத் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். “அண்ணி, இது அமையலன்னா எனக்கு வேற மாப்பிள்ளையே பாக்காதீங்க” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

லயத்து வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. அறை மூலையில் என் கூறைப்புடவையைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினேன். உள்ளே ஒரு பலகை, பலகைமேல் சட்டி. பலகை என்பது ரப்பர் ஷீட் அடைத்து அனுப்பும் பெட்டியின் மூடி, என் வீட்டுக்காரர் ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்தது. அதன்பிறகு வீட்டில் கறி, மீன், கருவாடு எதுவும் கிடையாது. பாரிக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது. மூச்சுக்காற்று படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் தெளிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த மறைப்புக்குள் எந்த உயிரையும் கொல்லக்கூடாது. மாரியாயியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு. பயிர் அவளுடைய தலைமுடி.

முளை நான்கு விரல் உயரம் வந்தபோது, ஒரு காலையில் என் நாத்தனார் மறைப்புக்குள்ளிருந்து வெளிறிப்போய் வெளியே வந்தாள். வாயில் கட்டிய துணியை அவிழ்க்காமலே, “அண்ணி, அம்மனுக்குப் பேனு” என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். உண்மைதான். தட்டைப்பயற்று முளைகளின் கழுத்தில் பச்சைப் பச்சையாய்ச் செடிப்பேன் அப்பிக்கிடந்தது. கீழே எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பேன் கக்கும் தித்திப்புக்காக எறும்பு அதைத் தூக்கிவந்து மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கும். எனக்கு வந்த கோபத்தில் அத்தனையையும் ஒரே நசுக்காக நசுக்கியிருப்பேன். ஆனால் கொல்லக்கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச்சுவர் கூரைவரை போகாது என்பதை மறந்துவிட்டோம். சுவருக்கு மேலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

“சாம்பல் தூவு புள்ள. எங்க பாரில ஒண்ணும் இல்லலா, சும்மா சொல்றேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் சாம்பல் தூவவில்லை. முதலில் பேன்சீப்பை எடுத்தோம். பேனுக்குப் பேன்சீப்புத்தானே. நாத்தனார் பயிரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வார, விழுகிற பேன்களை நான் வெற்றிலையில் ஏந்தி, வாசல் தாண்டி, சாக்கடை தாண்டி, மரியாதையாகப் புல்லில் இறக்கிவிட்டு வருவேன். வழியில் யாராவது “எங்க போற?” என்று கேட்டால் வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோவதுபோல் பாவனை செய்வேன். மறுநாள் காலையில் பேன் அத்தனையும் திரும்பி வந்திருந்தது. அதே பேன்கள்தான் என்று நாத்தனார் அடித்துச் சொன்னாள். அவளுக்கு முகம் ஞாபகம் இருந்ததாம்.

பிறகு வெட்கத்தை விட்டுச் சாம்பலும் தூவினோம். பேன் குறைந்தது. ஆனால் அம்மனுக்கு ஒரே நாளில் தலை நரைத்துப்போனது. தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கழுவினால், எறும்புகள் புதிய பேன்களோடு வந்து நின்றன. நாத்தனார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கருவாடு இல்லாமல் ஏற்கனவே துவண்டு கிடந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “பேன விடு. எறும்ப நிறுத்து. சட்டியச் சுத்திப் பால் ஊத்துனா எறும்பு எப்படி ஏறும்?”

பால் என்றால் ரப்பர் பால். மரம் சீவுகிறவர்களுக்கு அதுதான் சகல ரோக நிவாரணி. ஒழுகுகிற பானைக்குப் பால், எலிப்பொந்துக்குப் பால், கத்தி பட்ட விரலுக்கும் பால். அன்றே வாளியின் அடியில் கொஞ்சம் கொண்டுவந்து, சட்டியின் அடியைச் சுற்றிப் பலகைமேல் வட்டமாக ஊற்றினார். வந்த எறும்பு கரையில் நின்று யோசித்தது, பிறகு திரும்பிப் போனது. நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஆடினோம்.

ஆனால் பால் காய்ந்ததும் அது எறும்புக்கு நல்ல ரோடாகிவிடும். அதனால் தினமும் காய்ந்ததன்மேல் புதுப்பால் ஊற்றினார். நாற்றம் தாங்கவில்லை. சாம்பிராணி போட்டு மறைத்தோம். இருந்த பேனை வாரி வெளியே விட்டோம், புதிதாகத் தூக்கிவர எறும்பு இல்லை. பயிர் மட்டும் என்னமாய் ஏறியது தெரியுமா. திருவிழாவன்று முழ உயரம், ஒரு பேன் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

வாசலில் தப்பு முழங்குகிறது, பெண்கள் கும்மி கொட்டுகிறார்கள், சிலிம் ரிவர் அம்மா மகனோடு வந்து கல்லுப்பிள்ளையார்போல் நிற்கிறார். என் நாத்தனார் மஞ்சள் புடவையில் குனிந்து சட்டியைத் தூக்கினாள். பலகையும் சேர்ந்து வந்தது.

ஆட்டிப் பார்த்தோம், திருகிப் பார்த்தோம். மூன்று விரல் பருமனில் ரப்பர் வளையம் சட்டியையும் பலகையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இனி அது ஒரே சாமான். என் வீட்டுக்காரர் பால் வெட்டும் கத்தியை எடுத்தார். “பாரி மேல இரும்பு படக்கூடாது” என்று பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்து ஞாபகப்படுத்தினார். நான் என் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

வேறு வழியில்லை. பலகையோடு தலையில் ஏற்றினோம். பலகையின் ஓரத்தில் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். வழியில் நின்ற தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, அதைப் படித்துவிட்டு, “லண்டனுக்குப் போற சரக்காச்சே, எங்கம்மா தூக்கிட்டுப் போறீங்க?” என்றார். நாத்தனாருக்குக் கழுத்து வலித்திருக்கும், ஆனால் அவள் ஆற்றங்கரைவரை பாரியை ஆடவிடவில்லை. சிலிம் ரிவர் அம்மா பின்னாலேயே வந்தார்.

ஆற்றில் எல்லோருடைய பாரியும் ஒவ்வொன்றாக முங்கியது. எங்களுடையது பலகைமேல் ஜம்மென்று மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, கரைக்கே திரும்பி வந்து நின்றது. அம்மன் பாரியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாராவது ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. நாத்தனார் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

அப்போது அந்தப் பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். பாரியை இரண்டு கையாலும் அமுக்கினான். முங்கியது. கையை எடுத்தான். ஓரடி தள்ளி எழும்பி நின்றது. மறுபடி அமுக்கினான், மறுபடி எழும்பியது. கடைசியில் மேலேயே படுத்து அமுக்கினான். பாரி நழுவிக்கொண்டது. பாரி மிதந்தது, மாப்பிள்ளை முங்கினான்.

பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் பீறிட்டது.

அந்த அம்மா திரும்பினார். “யாரு சிரிச்சது?”

“நாந்தான் அத்தே” என்றேன்.

“இல்ல, நான்” என்றாள் என் நாத்தனார். கண்ணில் தண்ணீர், அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். “எம்மவனோட அப்பா போனதுலேருந்து எங்க வீட்ல யாரும் சிரிச்சதில்ல” என்றார். பிறகு என்னிடம், “எப்பக் கூட்டிட்டுப் போலாம்?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் என் நாத்தனாரே தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணனக் கேட்டுட்டுச் சொல்றோம்” என்றாள். அண்ணன் அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.