மச்சான் தருவதாகச் சொன்ன அரை ஏக்கர்

செர்டாங்கில் இருக்கும் அரை ஏக்கரை எனக்கே விற்பதாக மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சொன்னபோதே எனக்கு உறுத்தியது. விலை மலிவு. அதைவிட உறுத்தியது அவர் கடைசியாகச் சொன்னது: "தங்கச்சிகிட்ட இப்ப சொல்ல வேணாம்லா மச்சான். வாங்கிட்டு சப்ரைஸா காட்டுங்க."

ஆனால் ஆசை யாரை விட்டது? பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னால் ஒரு காரும் நாலு பூச்சட்டியும் வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். மூன்று தலைமுறையாக அடுத்தவர் மரத்துக்கு உரம் போட்ட வம்சம் எங்களுடையது. சொந்த ரம்புத்தான் நிழலில் நாற்காலி போட்டு, முதலாளி மாதிரி சும்மா உட்கார வேண்டும்.

மச்சானிடம் அசல் கெரானைக் கேட்க முடியாது. எங்கள் சொந்தத்தில் நிலப்பத்திரத்தைக் கேட்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சோறு வெந்ததா என்று கேட்பதற்குச் சமம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலிலோ முதல் பக்கம் மட்டும். அதிலிருந்த லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு, தொப்பியும் முகக்கவசமுமாக நில அலுவலகத்துக்குப் போனேன். கேட்டால் சொல்ல மலாயில் ஒரு பொய்யும் தயார். முகப்பிலிருந்த பெண் எதையும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டிப் பார்க்கலாமாம். மனப்பாடம் செய்த பொய் வீண்.

தாள் வந்தது. உரிமையாளர் மச்சான்தான். வங்கிக் கடன் இல்லை. கீழே ஒரு வரி: கவியாட். வேறொருவர் உரிமை கோரித் தடை போட்டிருக்கிறார், அது நீங்கும்வரை பெயர் மாற்ற முடியாது என்று அந்தப் பெண் விளக்கினாள். வட்டிக்காரனா, மச்சானுக்கு இன்னொரு குடும்பமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பெயரைப் படித்தேன். என் மனைவி.

வீட்டில் தாளை அவள்முன் வைத்தேன். கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தாள். நிலம் அவள் அப்பா வாங்கியது. பாதி மகளுக்கு என்று வாயால் சொன்னவர், மகன் பெயரில் மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு பீர் உள்ள போனா அண்ணன்கிட்ட உளறிருவீங்க."

கண்ணாடியைக் கழற்றியபடி அவளே தொடர்ந்தாள்.

"தடை போட்டதும் அண்ணனுக்குக் கடிதம் போயிருக்கும். வெளியாளுக்கு விக்க முடியாது. புருஷனே பணத்தைக் கொடுத்துட்டா நானே தடையை எடுத்துருவேன்னு கணக்கு."

மலிவு ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் என் கைப்பேசியை எடுத்து மச்சானை அழைத்தாள்.

"அண்ணே, நெலத்துக்கு ஆள் கெடைச்சிருச்சாமே. என் பாதியை எப்ப எழுதப் போறீங்க?"