தம்பி கல்லூரியை விட்ட வருஷம்

எனக்குக் கல்லூரி கிடைத்தது சண்டை போட்டுத்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே பெண்ணாடத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பாதான் அம்மாவிடம், "போவட்டும் வுடு, உள்ளூர் காலேஜுதானே" என்றார். விருத்தாசலத்திலேயே கணக்குப் படித்தேன். பிறகு பி.எட். பிறகு மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. முதல் நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, இனிமேல் யார் தயவிலும் நான் இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் பின்னால் என் தம்பியை அவ்வளவு பாடுபடுத்தியது.

தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். அப்பா சிராமிக் கம்பெனியில் சூளைக்குள் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை அடுக்குகிறவர். வருஷக்கணக்காக அந்தச் சூட்டில் நின்று முகமே கருத்துப்போனவர். தம்பியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் வீட்டில் எல்லோரையும்விட நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அவன் பன்னிரண்டாவது முடித்த வருஷம் எங்கே போனாலும் இன்ஜினியரிங் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால்கூட, யார் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்றுதான் விசாரித்துக்கொண்டார்கள்.

அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். "அக்கா, எனக்குப் புஸ்தகத்த வச்சிக்கிட்டு ஒக்கார முடியல. ஐ.டி.ஐ.ல சேந்துக்கறேனே."

"அக்கா டீச்சரு, தம்பி ஐ.டி.ஐ.யா? ஊரு சிரிக்கும். பேசாம போய்ப் படி" என்றேன். போனான்.

திண்டிவனம் தாண்டி, ஹாஸ்டலோடு ஒரு கல்லூரி. விண்ணப்பத்தை நிரப்பியதும் நான், என்ன பிரிவு என்று முடிவு செய்ததும் நான். முதல் வருஷம் லீவுக்கு வரும்போதெல்லாம் இளைத்துக்கொண்டே வந்தான். கேட்டால் ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்பான். இரண்டாம் வருஷம் வருவதே குறைந்துபோனது.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்து போனுக்கு ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டார். "உங்க தம்பி மூணு வாரமா கிளாஸுக்கே போகலைங்க. நாலு நாளா ரூமுக்கும் வரல. வீட்லதான் இருக்காரா?"

கம்பெனிக்குப் போய் அப்பாவை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க நான் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவனோடு ஒரே அறையில் இருந்தவன் முதலில் தெரியாது என்றான். நான் அழுததைப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னான்.

அங்கே தம்பி தரையில் குந்தி டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். லுங்கி, பனியன், முழங்கை வரை சிமெண்ட். இழுத்துக் கட்டிய நூலை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் ஒரு மூலையை லேசாகத் தட்டினான். நாங்கள் வந்து நின்றதே அவனுக்குத் தெரியவில்லை. எதையாவது இவ்வளவு கவனமாக அவன் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னாடா இது?" என்று கத்திவிட்டேன்.

நிமிர்ந்தான். "பதினோரு பேப்பர் அரியர்க்கா. எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. கிளாஸுல ஒக்காந்தா மூச்சு முட்டுது. இங்க வந்தாதான் சோறு எறங்குது, தூக்கம் வருது."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனேக்கா, மொதல்லயே."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பதித்துக் காய்ந்திருந்த பக்கமாக நடந்து போனார். குனிந்து, இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "பையனக் கூட்டிக்கிட்டுப் போறேங்க" என்றார்.

"இந்த வரிசைய முடிச்சிட்டு வரேம்ப்பா" என்றான் தம்பி. அவன் முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தோம்.

ஊரில் "ஃபெயிலா?" என்று நேராகக் கேட்டவர்கள்கூடப் பரவாயில்லை. உச்சுக்கொட்டியவர்களைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா ரொம்ப நாள் பூசைக்குப் போனால் கடைசியில் நின்றுவிட்டு முதல் ஆளாக வீட்டுக்கு வந்துவிடுவாள். தம்பி விருத்தாசலத்திலேயே ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தான். இரண்டு வருஷத்தில் தனியாக வேலை பிடித்துச் செய்ய ஆரம்பித்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், பையன் டிகிரி முடிக்கவில்லை என்று தட்டிக்கழித்தார்கள். பெரிய கட்டடங்களில் இன்ஜினியர் பிளானை விரித்து இங்கிலீஷில் பேசும்போது வாயடைத்து நிற்பதாக அவனே சொல்வான். "படிச்சிருக்கலாமோன்னு அப்பப்பத் தோணும்க்கா. ஆனா என்னால படிச்சிருக்க முடியாது."

கல்லூரி இல்லையென்றால் நான் இல்லை. இப்போதும் என் வகுப்பில் ஒரு பெண் படிப்பை நிறுத்துகிறாள் என்றால், அவள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவேன். ஆனால் தம்பிக்கு நான் கொடுத்தது நான் ஆசைப்பட்டதை. அவன் என்ன கேட்கிறான் என்று காதுகொடுக்கவே இல்லை.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு நர்ஸ் பெண்ணை. அவர்கள் வீட்டில் காபி வருவதற்கு முன்பே தம்பி, "நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துல வுட்டுட்டேங்க. எனக்கு வரல" என்று போட்டு உடைத்துவிட்டான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். அந்தப் பெண் சரி என்றுவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து அவளிடம் கேட்டேன், எதைப் பார்த்து ஒத்துக்கொண்டாய் என்று.

"எனக்கு நர்ஸிங் புடிக்கவே இல்லைங்க அண்ணி. அப்பா சேத்து வுட்டாரு. மூணு வருஷமும் அழுதுக்கிட்டேதான் படிச்சேன். வுட்டுட்டு வரத் தைரியம் வரல. அவருக்கு வந்துச்சு பாருங்க."

"இப்பவும் புடிக்கலையா?"

"இப்ப பழகிடுச்சு. சில நாளு புடிக்கக்கூடச் செய்யுது" என்றாள். டியூட்டிக்கு நேரமாகிறது என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.