மாலைச் சங்குக்கு ஒரு மாத்திரை

“இந்தாம்மா, உன் மாத்திரைய நீயே வச்சுக்க. தலைக்குள்ள கரண்ட் அடிக்குது.”

மாரிமுத்து அண்ணன் மாத்திரை அட்டைகளைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பினார். அவர் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். என் அப்பா, அம்மா இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. என் பதிவுச் சான்றிதழ் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணன் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. ஓடும் மெஷினைச் சுற்றி நடந்து, அறுந்த இழையை ஒட்டும் வேலை. மனச்சோர்வு மாத்திரையை உள்ளூரில் வாங்கினால் மில்லில் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார்.

“கூட்டம் நிக்குது. திருப்பி எடுத்துக்கிட்டு அனுப்பும்மா” என்றார் ஓனர் அண்ணாச்சி.

“நிறுத்தக் கூடாது தாயி” என்றார் கையைப் பிடித்திருந்த அக்கா. “முன்னால இவிய கெணத்துப் பக்கம் போனாலே எனக்கு ஈரக்கொல நடுங்கும்.”

நான் அண்ணனைக் கடைக்குள் ஓரமாகக் கூப்பிட்டு, “இப்பவும் சாகணும்னு நெனப்பு வருதாண்ணே?” என்று கேட்டேன். இப்படிக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

“இப்ப அது இல்லம்மா. இந்தக் கிறுகிறுப்புதான்.”

அட்டைகளைப் பார்த்தேன். இவ்வளவு மீதி இருக்கக் கூடாது.

“தெனமும் போடுறீங்களாண்ணே?”

அண்ணன் கவுண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். “சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார் அக்கா.

“நைட் ஷிப்ட் வாரம் மட்டும் போடுறதில்ல. சீட்டுல ராத்திரின்னு போட்டிருக்கு. ராத்திரி நான் மெஷின்ல நிக்கேன். தூங்கி விழுந்தா கை போயிரும்லா?”

“மாத்திரைக்கும் ஷிப்ட் போட்டிருக்காரு மனுசன்” என்று சிரித்தார் அண்ணாச்சி.

அண்ணனிடம் விஷயத்தை விளக்கினேன். மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று செரட்டோனின். அனுப்பிய நரம்பே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்த மாத்திரை அந்த இழுப்பைக் குறைக்கிறது. அது சீக்கிரமே நடந்துவிடும். ஆனால் மனசு தெளிய மூளை மெல்ல மெல்லப் பழக வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, வாய் வறட்சி எல்லாம் முதலில் வந்து, பெரும்பாலும் தானே அடங்கும். அதாவது கெட்டது முன்னால் வரும், நல்லது பின்னால் வரும். இது போதைப் பழக்கம் ஆகாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் கிறுகிறுக்கும், தலையில் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அண்ணன் ஒவ்வொரு நைட் ஷிப்டுக்கும் நிறுத்தி, மறுபடி தொடங்கி, இரண்டு கஷ்டத்தையும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். “நைட் ஷிப்ட் உண்டுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றவர், மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதா என்று கேட்கச் சொன்னார். இல்லை என்றார் அண்ணன். “அப்படின்னா எந்த நேரம்னாலும் போடலாம். ஆனா தெனம் ஒரே நேரம்” என்றார் டாக்டர்.

எந்த நேரம் என்பதுதான் சிக்கல். அக்காதான் சொன்னார்: “சாயங்காலம் ஷிப்ட் மாறுற சங்கு ஊதும்லா, அப்பப் போட்டா என்ன?” அந்தச் சங்குக்கு அவர் மில்லுக்குள் போவார், அல்லது வெளியே வருவார், அல்லது தூங்கி எழுந்து வீட்டில் இருப்பார். எந்த வாரமானாலும் விழித்திருப்பார். மாத்திரை உறையில் அப்படியே எழுதினேன்.

போகும்போது அண்ணன் அண்ணாச்சி காதில் ஏதோ கேட்டார். அண்ணாச்சி முகம் சிவந்து, “அத அந்தப் பிள்ளைகிட்டயே கேளும். படிச்சது அதுதான்” என்றார். தாம்பத்திய ஆசை குறைவதும் இந்த மாத்திரையில் உண்டு, டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார், தானாக நிறுத்திவிடக் கூடாது என்றேன். சாதாரணமாகச் சொன்னால் சாதாரணமாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

சில வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். அக்கா முகம் தெளிந்திருந்தது. “இம்புட்டு நாளும் உப்பில்லாமப் போட்டாலும் பேசாமத் தின்னாரு. நேத்து, ‘ஏட்டி, இதெல்லாம் ஒரு கொழம்பா’ன்னு தட்டத் தள்ளிட்டாரு. எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்திருச்சு.”

“சரியாயிருச்சுல்ல, இனி நிறுத்திரட்டா?” என்றார் அண்ணன்.

“சரியான பொறவும் கொஞ்ச மாசம் போடணும்ணே. பொறவு டாக்டர்தான் மெல்லக் கொறைப்பாரு.”

அவர் முனகிக்கொண்டே அடுத்த மாதத்துக்கும் வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் உறையில் ‘இரவு’ என்று எழுதும் முன், ராத்திரி என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். எங்கள் பக்கம் பல பேருக்கு இரவு என்பது தூங்குகிற நேரம் இல்லை.